சனலை மாத்த முதல்

கொடிகாமச் சந்தியில், தேத்தண்ணிக் கடைச் சுவரில் தொங்கும் ரிவிக்கு முன்னால் பின்னேரங்களில் கூடுகிற அண்ணைமாருக்கும் தம்பிமாருக்கும், வடையும் றோல்ஸும் கட்டுவிக்க வந்து, அந்த ரிவியை அரைச் சிரிப்போடும் அரைக் கோபத்தோடும் பார்த்துவிட்டுப் போகிற அக்கா தங்கச்சிமாருக்கும்,



கடை முதலாளி ரிமோட்டை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இனிமேல் செய்தியும் கிரிக்கெட்டும் மட்டும்தானாம், வடிவேலு இல்லையாம். காரணமும் காதில் விழுந்தது. “உவன் செய்த வேலைக்கு உவன்ரை மூஞ்சையைப் பாத்துக்கொண்டு எப்பிடியடா தேத்தண்ணி இறங்குது உங்களுக்கு?” என்று ஒரு அண்ணை கேட்டாராம். “ஆள் எப்பிடியும் போகட்டும் அண்ணை, பகிடி நல்லா இருக்கோ இல்லையோ?” என்று ஒரு தம்பி திருப்பிக் கேட்டானாம். கதை முற்றி, தமிழ்நாட்டுத் தேர்தலுக்குப் போய், அங்கிருந்து எங்கள் பிரதேச சபைக்கு வந்து, கடைசியில் இருபது வருசத்துக்கு முந்திய ஒரு வேலிப் பிரச்சினையில் முடிந்ததாம். வேலிப் பிரச்சினை பற்றி எனக்குக் கருத்தில்லை. மற்றதைப் பற்றி எழுதத்தான் இந்த மடல்.

வடிவேலு சினிமா நடிகர்தானே, ரிவிக்காரர் இல்லையே என்று யாரும் கேட்கலாம். சரிதான். ஆனால் எங்கள் ஊரில் அவரைத் தியேட்டரில் பார்த்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். எங்களுக்கு அவர் ஆதித்யா, சிரிப்பொலி என்ற பகிடிச் சனல்களில் காலை மாலை வந்துபோகிற ஆள். 2011க்குப் பிறகு அவருக்குப் புதுப் படங்கள் குறைந்துபோன காலத்திலும் ஒரு நாளாவது அவர் எங்கள் ரிவியில் வராமல் விட்டாரா? தமிழில் அவரைப்போலத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பான பகிடிக்காரர் வேறு ஒருவர் இல்லை. அந்த மறு ஒளிபரப்புக்கெல்லாம் நடிகர்களுக்குப் பங்கு கொடுக்கிற வழக்கம் தமிழ்ச் சினிமாவில் இல்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன். இது பிறகு தேவைப்படும்.

தமிழ்நாட்டுக்காரருக்கும் அவருக்கும் உள்ள உறவு வேறு, எங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவு வேறு. இதை மறந்துதான் நாங்கள் அவர்களுடைய சண்டையை அவர்களுடைய வசனத்திலேயே பிடித்துக்கொண்டிருக்கிறோம். 1991இல் ராஜ்கிரண் கொண்டுவந்த மதுரைப் பெடியன், ‘என் ராசாவின் மனசிலே’ படத்தில் கவுண்டமணியிடம் உதை வாங்கியது தொடங்கி, ‘தேவர் மகன்’ இசக்கியாகக் கையை இழந்து நின்றது வரைக்கும், அவர் படிப்படியாக வளர்ந்ததை அவர்கள் கூட இருந்து பார்த்தார்கள். எங்களுக்கு அந்த வருசங்கள் இருட்டு. 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம் அது. எப்போதாவது யாராவது ஜெனரேற்றர் பிடித்து டெக்கில் படம் போட்டால் உண்டு. 95இல் வலிகாமம் முழுக்க எழும்பி எங்கள் பக்கம் வந்து, கொடிகாமத்தில் பள்ளிக்கூடம், கோயில் மடம், மரநிழல் எல்லாம் சனமாய்க் கிடந்தபோது வடிவேலு யார் என்று தெரியாதவர்களே கூட. 2000இல் எங்கள் முறை வந்தது. தென்மராட்சியே கிளம்பிப் போய், திரும்பி வந்தபோது வீடு இருந்தவனுக்குக் கூரை இல்லை, கூரை இருந்தவனுக்குக் கதவு இல்லை.

பிறகு 2002 சித்திரையில் ஏ9 பாதை திறந்தது. சீமெந்து வந்த லொறிகளிலேயே சீ.டிக் கட்டுகளும் வந்தன. ‘பிரண்ட்ஸ்’ நேசமணியும், அதற்கு முந்திய பத்து வருசத்து வடிவேலுவும் ஒரேயடியாக வந்து இறங்கினார்கள், அடுத்த வருசம் ‘வின்னர்’ கைப்புள்ளையும் வந்தார். அவர் எங்களுக்குச் சமாதான காலத்துச் சாமான். தகரக் கூரைக்குக் கீழே, புதிதாக வாங்கிய கலர் ரிவியில், கன காலத்துக்குப் பிறகு சத்தம் போட்டுச் சிரிக்கலாம் என்று வந்தபோது எங்களைச் சிரிக்க வைத்தவர். 2006 ஆடியில் ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ வெளிவந்தது. ஆவணியில் முகமாலையில் பாதை பூட்டியது. ஊரடங்குக்குள் இருந்து, சீனி விலையைத் திட்டிக்கொண்டு, ஒரு கோழை ராசாவின் கூத்தைப் பார்த்துச் சிரித்த ஊர் இது. அந்தக் காலத்தை வடிவேலு இல்லாமல் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆகவே “ஆளை வெட்டி எறியுங்கோ” என்று சொல்லுகிற அண்ணைமாருக்கு நான் முதலில் சொல்வது, எறிகிறது அவ்வளவு லேசில்லை என்பதுதான். எறிந்தால் எங்கள் வாழ்க்கையில் ஒரு துண்டும் சேர்ந்து போகும்.

ஆனால் அந்த அண்ணைமாரின் கோபம் வெறுங் கோபம் என்று தம்பிமார் நினைக்க வேண்டாம். அது எங்கே இருந்து வருகிறது என்று உங்களில் பலருக்குத் தெரியாது. 2011இல் நீங்கள் ரியூசனுக்கும் வீட்டுக்கும் ஓடித் திரிந்தவர்கள்.

சாலிகிராமத்தில் வடிவேலுவும் விஜயகாந்தும் கிட்டக் கிட்ட இருந்தவர்கள். 2008இல் வாகனம் நிறுத்தியதில் கிளம்பிய தகராறு, கல்லெறி, பொலிஸ் முறைப்பாடு என்று போனது. 2011 சட்டமன்றத் தேர்தலில் வடிவேலு தி.மு.க. மேடைகளில் ஏறி ஊர் ஊராக விஜயகாந்தை நக்கலடித்தார். அரசியல் பேசினார் என்று சொல்ல முடியாது. ஒரு மனிதனின் குடி, நடை, பேச்சு எல்லாவற்றையும் பகிடியாக்கினார். கூட்டம் சிரித்தது, வாக்கு வேறு பக்கம் போனது. விஜயகாந்தின் கட்சிக்கு 29 இடம், தி.மு.க.வுக்கு 23. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். வடிவேலுவுக்குப் படம் வருவது நின்றது. தமிழ்நாட்டில் இந்தக் கதையைப் பெரும்பாலும் ஒரு நடிகன் வாயால் கெட்ட கதையாகத்தான் சொல்வார்கள்.

கொடிகாமத்தில் இருந்து பார்த்தால் அது வேறு கதை. அந்தத் தேர்தல் நடந்தது முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து இரண்டு வருசம் கழித்து. தி.மு.க. மேடை என்றாலே இங்கே பல வீடுகளில் ரிவியை நிறுத்திய காலம். மறுபக்கம், ‘கேப்டன் பிரபாகரன்’ என்று படம் நடித்தவர், தன் மூத்த மகனுக்கு விஜய பிரபாகரன் என்று பெயர் வைத்தவர் விஜயகாந்த். அவர் எங்களுக்குப் பெரிதாக என்ன செய்து கிழித்தார் என்று கணக்குக் கேட்கிறவர்களும் இங்கே இருக்கிறார்கள், அது தனிக் கதை. ஆனால் 2011இல், பிள்ளையைப் பறிகொடுத்து, தடுப்பு முகாமிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு வருசம் கூட ஆகாத ஒரு மனிதன், எந்த மேடையில் நின்று யாரை நக்கலடிக்கிறான் இவன் என்று பார்த்தபோது, அவனுக்கு அது பகிடியாகத் தெரிந்திருக்காது. கடையில் குரல் உயர்த்திய அண்ணை அப்படிப்பட்ட ஒருவர். அவரிடம் போய் “கலை வேறை, ஆள் வேறை” என்று சொல்வது சுகம். அவர் எங்கே நின்று அந்த மேடையைப் பார்த்தார் என்று ஒருக்கால் யோசித்துவிட்டுச் சொல்லுங்கோ.

இன்னொன்றும் இருக்கிறது. 1992இல் வந்த ‘சின்ன கவுண்டர்’ படத்தில் விஜயகாந்துக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நடந்து வருகிற பெடியன் வடிவேலுதான். பெரிய ஆள் பக்கத்தில் நிற்க இடம் கிடைத்ததே பெரிது என்ற காலம். 2023 மார்கழி 28இல் விஜயகாந்த் செத்தபோது தமிழ்ச் சினிமாவே திரண்டு வந்தது. வடிவேலு வரவில்லை. ஏன் வரவில்லை என்பது அவருக்கும் அவருடைய மனதுக்கும் தெரிந்தது. செத்த வீட்டுக்குப் போவதில் எங்களுக்கு இருக்கிற கண்டிப்பு உங்களுக்குத் தெரியும். பேச்சுப் பேசாதவனும் காடாத்துக்குப் போவான். அதனால்தான் 2011ஐ மறந்தவர்களுக்குக்கூட இது மறக்கவில்லை. இதில் நான் அண்ணைமாரின் பக்கம்தான்.

ஆனாலும் ஒரு கேள்வி, அண்ணை. தி.மு.க. மேடையில் ஏறியதற்காக வடிவேலுவை வெறுக்கிறீர்கள். நீங்கள் இத்தனை வருசமாக அவரைப் பார்த்துத் திட்டிய சனல்கள் யாருடையவை? சன் குடும்பத்து ஆதித்யாவும் கலைஞர் குடும்பத்துச் சிரிப்பொலியும்தானே. தேர்தலில் தோற்ற பிறகு அவரைப் படத்துக்குக் கூப்பிட ஆளில்லை. பழைய காட்சிகள் மட்டும் இருபத்து நாலு மணித்தியாலமும் ஓடின, அவற்றுக்கு நடுவில் விளம்பரமும் ஓடியது, முதலே சொன்னதுபோல அதில் அவருக்குப் பங்கில்லை. மேடையில் பேசிய கூலிக்காரனைத் திட்டுகிறோம், மேடை போட்டவனின் சனலுக்கு மாதா மாதம் காசு கட்டுகிறோம். கடை முதலாளி ரிமோட்டைப் பூட்டியதும் அதே டிஷ்ஷில் அதே கொம்பனியின் வேறொரு சனலுக்குப் போகத்தான்.

இனி, இந்தச் சண்டையில் யாரும் காது கொடுக்காத ஒரு பக்கம். கடை வாசலில் நின்று பார்சல் வாங்கிக்கொண்டு போகிற பெண்பிள்ளைகளின் பக்கம். அவர்களில் ஒருத்தி ஒரு நாள் மெல்லச் சொன்னாள்: “அண்ணை, சனலை மாத்துங்கோ.” அவ்வளவுதான். யாரோ சிரித்தார்கள். “இவளுக்குப் பகிடி விளங்கேல்லை” என்றும் ஒரு குரல் வந்தது. ரிவியில் அப்போது ஓடியது, பெண் பார்க்கப் போன இடத்தில் கறுப்பாக, பருமனாக ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அவளைக் கண்டதும் வடிவேலு மயங்கி விழுகிற மாதிரியான காட்சிகளில் ஒன்று. ஒன்றா இரண்டா அப்படி? பெண்சாதி அடித்தால் பகிடி, பெண்சாதியை அடித்தால் அதை விடப் பெரிய பகிடி, திருநங்கை வந்தால் அது தனிப் பகிடி. அவளுக்குப் பகிடி விளங்கியது. விளங்கியபடியால்தான் மாத்தச் சொன்னாள். கறுப்பாக இருப்பதற்காகச் சீதனம் கூடக் கேட்கப்பட்ட பிள்ளைகள் இந்தச் சந்தியால் தினமும் பஸ் ஏறிப் போகிறார்கள்.

இதை வடிவேலு ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை என்பது எனக்குத் தெரியும். கவுண்டமணி செந்திலை என்னென்ன சொல்லி அழைத்தார் என்று எல்லாருக்கும் தெரியும். முற்போக்கு வசனம் பேசிய விவேக்கின் படங்களிலும் பெண்களைப் பற்றிய பகிடிகள் குறைவில்லை. காலம் அப்படி இருந்தது. ஆனால் காலத்தைச் சொல்லித் தப்ப விடுவதற்கும் ஒரு எல்லை உண்டு. இன்னும் நேராகச் சொன்னால், கை கால் இழந்தவர்களை, கண் தெரியாதவர்களை வைத்துப் பழைய தமிழ்ப் படங்கள் செய்கிற பகிடியை சென்னையில் ஒருவன் பார்க்கலாம். நாங்கள் எப்படிப் பார்ப்பது? முகமாலைக் கண்ணிவெடிகளை இன்னும் கிளறி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனத்தில் செயற்கைக் கால் போட்டுக்கொண்டு வந்தவர்கள் அதே கடை வாங்கில்தான் எங்களோடு குந்தியிருக்கிறார்கள். அவர்கள் முன்னால் அந்தக் காட்சி வருகிறபோது எங்களில் ஒருவன் மேசையைப் பார்ப்பான், ஒருவன் போனைப் பார்ப்பான். அவர் மட்டும் ரிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். விஜயகாந்துக்காகக் குரல் உயர்த்திய நாங்கள் பக்கத்தில் இருந்தவருக்காக ஒரு நாளும் உயர்த்தவில்லை.

அப்படியென்றால் வேண்டாம் என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. அவருடைய நல்ல பகிடி எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். அதற்கு அவர் அடி வாங்குகிற விதத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

வடிவேலுவின் உச்சமான காட்சிகளில் அவர் அடிக்கிறவர் இல்லை, வாங்குகிறவர். பலமானவன் அடிப்பான். வாங்கினவர் எழும்பி, சேட்டைத் தட்டி, சுற்றிப் பார்த்து, யாரும் காணவில்லை என்று தன்னைத் தானே நம்ப வைத்துக்கொண்டு, அடுத்த தெருவில் போய் வீரம் பேசுவார். வாயும் கண்ணும் இரண்டு வேறு கதை சொல்லும். வாய் “எனக்கு ஒண்டும் இல்லை” என்னும், கண் அழும். இதைத் தமிழில் அவரளவுக்கு யாரும் செய்ததில்லை. சென்றியில் இறக்கி அடித்துவிட்டு விட்ட பிறகு, வீட்டுக்கு வந்து மனுசியிடம் “சும்மா விசாரிச்சவங்கள்” என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போன ஆட்களை எனக்குத் தெரியும். நீங்களே சிலர் அந்த ஆட்கள். கைப்புள்ளையைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பில் அதுவும் இருந்தது. அடித்தவனைப் பற்றிக் கதைக்க முடியாத ஒரு காலத்தில், அடி வாங்கினவனைப் பற்றியாவது சத்தமாகச் சிரிக்க முடிந்தது. அந்தப் பகிடியில் அவமானப்படுகிறவன் அவனேதான், வேறொருத்தியோ வேறொருத்தனோ இல்லை. அதுதான் நான் காண்கிற வித்தியாசம். தன்னை விடக் கீழே நிற்கிறவனைக் காட்டிச் சிரிக்க வைக்கும்போது அவர் சாதாரண நடிகர். தானே கீழே விழுந்து சிரிக்க வைக்கும்போது அவரைக் கிட்ட நெருங்க ஆளில்லை.

சரி, இப்போது அவரோடு கூட நின்று நடித்தவர்களுக்கு வருவோம். இந்த மடலை எழுத வைத்ததே இதுதான்.

வடிவேலுவின் காட்சிகள் ஒரு ஆள் கூத்து இல்லை. சுற்றி ஐந்தாறு பேர் நின்று, சரியான நேரத்தில் சரியான முகத்தோடு ஒரு சொல்லைப் போட்டால்தான் அவருடைய முழி எடுபடும். சிங்கமுத்து, அல்வா வாசு, வெங்கல் ராவ், முத்துக்காளை, போண்டா மணி. சிங்கமுத்துவோடு காணிப் பிரச்சினையில் தொடங்கிய வழக்கு, 2024இல் ஐந்து கோடி ரூபா கேட்டு மானநட்ட வழக்காகவும் வந்தது. (காணிப் பிரச்சினை எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை என்பதில் ஒரு ஆறுதல்.) முத்துக்காளை குடியை விட்டுவிட்டு, திறந்த பல்கலைக்கழகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டம் எடுத்தார். எங்கள் பெடியளுக்குச் சொல்ல வேண்டிய கதை அது. வெங்கல் ராவ் 2024இல் நோயில் விழுந்து உதவி கேட்டபோது வடிவேலு ஒரு லட்சம் ரூபா கொடுத்தார் என்று செய்தி வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். கூடாததை மட்டும் பொறுக்கினால் அது விமர்சனம் இல்லை, வன்மம்.

போண்டா மணியைப் பற்றிக் கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும். பொலிஸ் அடித்துக் கேட்டாலும் சொல்லிவிடாதே என்று வடிவேலுவிடம் சொல்லிவிட்டு ஒளிக்கிற அந்த ஆள். அந்த ஒரு காட்சியை உங்கள் கடையில் எத்தனை நூறு தடவை போட்டிருப்பார்கள்? அந்த மனிதனின் சொந்தப் பெயர் கேதீஸ்வரன். மன்னாரில் பிறந்தவர். போர்க்காலத்தில் அகதியாகத் தமிழ்நாட்டுக்குப் போய், பாக்கியராஜின் படத்தில் தலை காட்டத் தொடங்கி, நூற்றுக்கணக்கான படங்களில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று வந்து போனவர். மன்னாரில் இருந்து ஒருவன் அகதியாகப் போய், மதுரைத் தமிழையும் சென்னைத் தமிழையும் பழகி, அங்குள்ளவர்களையே சிரிக்க வைக்கிறது சின்ன வேலையா? எங்கள் பேச்சின் சாயல் ஒரு சொல்லில்கூடத் தெரியாமல் நடித்தார், அதனால்தான் எங்களுக்கே அவரைத் தெரியவில்லை.

2022இல் அவருடைய இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தார். விஜய் சேதுபதியும் தனுஷும் ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்தார்கள். வடிவேலு உதவுவதாகச் சொன்னார். சொன்னபடி நடக்கவில்லை என்று கூட நடித்தவர்களே பிறகு குறைப்பட்டார்கள். 2023 மார்கழி 23இல் போண்டா மணி காலமானார். அறுபது வயது. விஜயகாந்த் செத்தது 28இல். ஐந்து நாள்தான் இடைவெளி. விஜயகாந்துக்கு எங்கள் பக்கத்திலும் கண்ணீர் அஞ்சலிப் படங்கள் போனுக்குப் போன் பறந்தன. மன்னாரில் பிறந்த எங்கள் ஆளுக்கு இந்தச் சந்தியில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டினதாக எனக்கு ஞாபகம் இல்லை. விஜயகாந்தின் சாவுக்குப் போகாத வடிவேலுவைத் திட்டின வாயால், போண்டா மணியின் பெயரை நாங்கள் சொல்லவே இல்லை. தமிழ்நாட்டில் இரண்டு சாவுக்கும் அவரை ஏசினார்கள். நாங்கள் ஒன்றுக்கு மட்டும் ஏசினோம்.

எங்களுக்கு இது பழக்கம்தான். ‘அண்ணை றைற்’ என்று ஒரு பஸ் கண்டக்டரைத் தனி ஆளாக மேடையில் நிறுத்தி இலங்கைத் தமிழர் எல்லாரையும் சிரிக்க வைத்த கே.எஸ். பாலச்சந்திரன் 2014இல் கனடாவில் காலமானார். ‘கோமாளிகள்’ ராம்தாஸ் 2016இல் சென்னையில். வானொலியில் அவர்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் அந்தக் கடையில் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கு எங்கள் பேச்சில் பகிடி விடுகிறவர் யாரும் ரிவியில் இல்லை. அதனால்தான் “ஆணியே புடுங்க வேண்டாம்” என்று எங்கள் பிள்ளை எங்களுக்கே மதுரைத் தமிழில் பதில் சொல்கிறான். அதற்கு வடிவேலுவைக் குற்றம் சொல்ல முடியாது. 2019 வைகாசியில், ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று பாகிஸ்தானில் இருந்து ஒரு பேஸ்புக் பக்கம் கேட்க, அது நேசமணியின் தலையில் விழுந்த சுத்தியல் என்று ஒரு தமிழன் சொல்லப் போய், உலகம் முழுக்க நேசமணிக்காகப் பிரார்த்தனை நடந்தது. மோடி இரண்டாவது தரம் பதவியேற்ற நாள் அது. தம்பிமார் அன்றைக்குச் சந்தியில் நின்று தாங்களும் பிரார்த்தித்தார்கள். பதினெட்டு வருசத்துக்கு முந்திய பகிடி ஒன்று அப்படி எழும்பி நடமாடினால் அதைச் செய்தவனிடம் ஏதோ இருக்கிறது, மறுக்க முடியாது.

பிறகு ‘மாமன்னன்’ வந்தது, 2023 ஆனியில். அதற்கு முந்திய வருசம் ‘நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்’ விழுந்திருந்தது. ‘புலிகேசி’ இரண்டாம் பாகப் பிரச்சினையில் அவருக்குப் போட்ட தடையைத் தீர்த்து அந்தப் படத்தை எடுத்தது எங்கள் முல்லைத்தீவில் பிறந்த சுபாஸ்கரனின் லைக்கா. காசு போட்டும் பழைய வடிவேலு வரவில்லை. ‘மாமன்னன்’ இயக்குநர் மாரி செல்வராஜ் வேறொரு வடிவேலுவைக் கொண்டுவந்தார். ‘தேவர் மகன்’ இசக்கிதான் தன்னுடைய மாமன்னன் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். சிரிக்காத வடிவேலு, சட்டமன்ற உறுப்பினராகியும் ஆதிக்க சாதிக்காரன் வீட்டில் கதிரையில் இருக்காத வடிவேலு.

அந்தப் படம் ரிவியில் வந்த அன்று கடையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். விஜயகாந்தைப் பற்றிக் கத்தியவர்களும் கத்தவில்லை, பகிடி வேண்டும் என்றவர்களும் கேட்கவில்லை. “உது தமிழ்நாட்டுப் பிரச்சினை” என்று ஒருவர் சொல்லிவிட்டுக் காசைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் 2018இல் வரணிப் பக்கக் கோயில் ஒன்றில், வடம் பிடிக்க எல்லாச் சாதிக்காரரும் வந்துவிடுவார்கள் என்று மண் அள்ளுகிற இயந்திரத்தால் தேர் இழுத்த படம் உலகம் முழுக்கப் போனது. வரணி இந்தக் கடையில் இருந்து சைக்கிள் ஓட்டம். வடிவேலு மேல் எங்களுக்குள் இருக்கிற கசப்பில், ‘மாமன்னன்’ எங்களையும் பார்த்துக் கேள்வி கேட்டுவிட்டது என்ற கசப்பும் ஒரு பங்கு. இதைச் சொன்னால் கோபம் வரும். வரட்டும்.

பிறகு ‘கேங்கர்ஸ்’, ‘மாரீசன்’ என்று 2025இலும் அவருக்குப் படங்கள் வந்தன. முதல் படத்தில் பழைய சுந்தர் சி. கூட்டு, இரண்டாவதில் பகத் பாசிலோடு வயதுக்கேற்ற வேடம். இரண்டாவது வழியில் போனால் நல்லது என்பது என் எண்ணம். அறுபது தாண்டிய ஆள் இன்னும் ஓடி ஓடி அடி வாங்கத் தேவையில்லை.

ஆக, கடை முதலாளிக்கு: ரிமோட்டை லாச்சியில் இருந்து எடுங்கோ. பூட்டினால் சண்டை தீராது, போனில் தனித்தனியாகப் பார்த்துத் தனித்தனியாகத் திட்டுவார்கள். அண்ணைமாருக்கு: 2011ஐ மன்னிக்க வேண்டாம், மறக்கவும் வேண்டாம், உங்களிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. மற்றவர்கள் சிரிப்பதை உங்களுக்கு எதிரான வாக்கு என்று மட்டும் எடுக்காதேங்கோ. தம்பிமாருக்கு: அந்த அண்ணை கதைக்கும்போது போனைப் பார்க்காமல் ஒரு முறை முழுக்கக் கேளுங்கோ. வாசலில் நிற்கிற தங்கச்சி சனலை மாத்தச் சொன்னால் உடனே மாத்துங்கோ, ஏன் என்று விசாரணை வைக்க வேண்டாம். கால் இழந்தவர் வாங்கில் இருக்கும்போது அவரை நக்கலடிக்கிற காட்சி வந்தாலும் அதே மாதிரித்தான்.

இன்னொன்று. பொலிஸ் அடித்துக் கேட்டாலும் சொல்லாதே என்கிற அந்தக் காட்சி இன்றைக்கோ நாளைக்கோ எப்படியும் வரும். வந்தால், பக்கத்தில் நிற்கிற சின்னப் பிள்ளைக்கு வடிவேலுவைக் காட்டத் தேவையில்லை, அவரை அதுக்குத் தெரியும். மற்ற ஆளைக் காட்டி, பெயர் கேதீஸ்வரன், ஊர் மன்னார் என்று சொல்லுங்கோ.

இப்படிக்கு,
கச்சாய் வீதியிலிருந்து, அதே கடையில் கடன் கணக்கு வைத்திருக்கும் ஒருவன்.